எண்ணெய்த் துளியால் ஒளியை அளந்த கதை

பல்பின் ஒளியைக் கைப்பேசிச் செயலியால் அளக்கப் போனதில் எரிச்சல்தான் மிஞ்சியது. கைப்பேசியைச் சாய்க்கச் சாய்க்க எண்ணும் சரிந்தது. சரி, 19ஆம் நூற்றாண்டு வழிக்கே போவோம் என்று ராபர்ட் பன்சனின் முறையைக் கையில் எடுத்தேன். ஆம், ஆய்வக அடுப்புக்குப் பெயர் கொடுத்த அதே பன்சன்.

வெள்ளைத் தாளின் நடுவே ஒரு சொட்டு எண்ணெய். பின்னாலிருந்து வரும் ஒளி மிகுந்தால் அந்த இடம் பளிச்சிடும். முன்பக்க ஒளி மிகுந்தால் கறுக்கும். இரண்டும் சமமானால் கறை மறைந்துவிடும். மெழுகுவர்த்தியை ஒரு முனையிலும், 806 லூமன் (பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு) என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பை 200 செ.மீ. தள்ளி மறுமுனையிலும் வைத்துத் தாளை இடையில் நகர்த்தினேன்.

முதல் நாள் மெழுகுவர்த்தியிலிருந்து 24 செ.மீ.யில் கறை மறைந்தது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்பதால், பல்பின் தூரமான 176ஐ 24ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 54. அதாவது பல்பு 54 மெழுகுவர்த்திகளுக்குச் சமம். மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. மெழுகுவர்த்திக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்! பல்பின் ஒளியே அதில் பட்டுத் திரும்பி மெழுகுவர்த்திக்குத் துணை போயிருக்கிறது.

மறுநாள் சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன். பல்பின் பக்கமிருந்து பார்த்தால் 17 செ.மீ., எதிர்ப்பக்கமிருந்து 19. எண்ணெய் பட்ட இடமும் கொஞ்சம் ஒளியை விழுங்குவதால் இந்த வேறுபாடு. நடுவில் 18 என்று கொண்டால் 102 வருகிறது. ஆனால் 17க்கு 116, 19க்கு 91! ஒரு செ.மீ. பிசகுக்கு இவ்வளவு தண்டனை. நிறம் வேறு படுத்தியது: மெழுகுவர்த்தியின் மஞ்சளும் பல்பின் வெண்மையும் ஒத்துப்போகாததால் கறை முழுதாக மறையவே இல்லை; ‘மிக மங்கலான இடம்’ என்று மனத்தால் முடிவுகட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு குழப்பம். 806 லூமன் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால் 4π-ஆல் வகுக்க, ஒரு திசையில் செல்லும் ஒளி 64 கேண்டலாதான் வரவேண்டும். ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ ஒரு கேண்டலா. எனக்கு ஏன் 102? பல்பைப் பக்கவாட்டில் திருப்பி அளந்தேன்: 22 செ.மீ., கணக்கில் 65. அடிப்பாகத்தின் பக்கம் போகவேண்டிய ஒளி குறைந்து, முன்பக்கம் கூடுகிறது. லூமன் மொத்த வரவு. கேண்டலா ஒரு திசைக்கான பங்கு.

அடுத்து, பல்பை 15 பாகைக்கு ஒருமுறை திருப்பி அளந்து வரைபடம் போடப்போகிறேன். அதற்குள் மெழுகுவர்த்தி பாதியாகிவிட்டது. ஒவ்வொரு அளவுக்கு முன்பும் திரியைக் கத்தரித்து, சுடரைப் பல்பின் உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.