அமாரோட்டின் கடிகாரம் பாங்கோவில் அமைந்தது

‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ இணைய விளையாட்டின் ஷேடோபிரிங்கர்ஸ் பகுதிக்காக மசயோஷி சோக்கன் அமைத்த, அதில் வரும் அமாரோட் நகரில் ஒலிக்கும் ‘நீத் டார்க் வாட்டர்ஸ்’ இசையை, விளையாட்டுக்கு உள்ளேயே, பார்டு எனப்படும் பாணர் பாத்திரங்களின் கருவிகளைக் கொண்டு நால்வர் சேர்ந்து வாசித்துவிட்டோம். இதுவரை தேறியிருப்பது முதற்பாதி மட்டுமே. ஆனாலும் அந்த இசையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் கடிகார ஒலி, நெடுநாள் பிடிகொடுக்காமல் இருந்தது, இப்போது உரிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

பார்டாக வாசிப்பவர்களுக்கு எல்லைகள் தெரிந்தவையே: மூன்று ஸ்தாயி, 37 சுரங்கள், ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம். பெரும்பாலான மெட்டுகள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, உடைத்து, சுரங்களை அடுத்தடுத்துத் தட்டினால், விடுபட்டதைக் கேட்பவரின் காதே நிரப்பிக்கொள்ளும். போர்க்கள இசை என்றால் அதன் வேகமே பாதிக் குறையை மறைத்துவிடும். இந்த இசையில் மறைவிடம் என்று எதுவும் இல்லை. நிதானமான பியானோவும், அதற்கு அடியில் சீராக விழும் டிக் ஒலியும், இடையிடையே நிறைய வெறுமையும்தான் இதில் உண்டு. உடைத்து வாசிக்கும் ஒவ்வொரு கார்டையும் அந்தக் கடிகாரம் அளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கடிகாரத்தை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் வாசிக்கலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அமாரோட் என்றோ அழிந்துபோன நகரம். கடலடியில் நாம் காண்பது, அதை மறக்க முடியாத எதிர்நாயகன் எமெட்-செல்க் தன் நினைவிலிருந்து எழுப்பிய நிழல்நகரம். அங்கே உலவும் நெடிய உருவங்களுக்கு நாளை என்பது கிடையாது. அப்படிப்பட்ட ஓர் இடத்தில், காலம் ஓடுவதை ஓயாமல் சொல்லும் ஒலியை வைத்திருப்பதுதான் சோக்கன் அந்த இசையில் செய்திருக்கும் மிகப்பெரிய காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது அழகான ஒரு பியானோ மெட்டு, அமாரோட் அன்று.

எனவே டிக் ஒலிக்கு ஏற்ற கருவியைத் தேடுவதில்தான் பெரும்பொழுது கழிந்தது. ஸ்னேர் டிரம்மில் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் ஒரு சரசரப்பு தங்குகிறது. சிம்பலின் ஒலி அடுத்த தட்டுவரை நீள்கிறது. டிம்பனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபிடில் கருவியின் நரம்பைச் சுண்டும் ஒலி ஓரளவு பொருந்தியது என்றாலும், அதற்குத் திட்டமான சுருதி இருப்பதால் பியானோவின் மெட்டோடு ஒட்டிக்கொண்டு, கடிகாரமாக நிற்க மறுத்தது. இறுதியில் கைகொடுத்தது பாங்கோ என்ற சிறு கைமுரசு. அதன் மேல் ஸ்தாயியின் உச்சியில் ஒலி காய்ந்து, சுருங்கி, மரத்தில் நகம் தட்டுவது போலாகிவிடுகிறது. அங்கே அருகருகே உள்ள இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி, விசையை அழுத்திப் பிடிக்காமல் தட்டியவுடன் விட்டுவிட்டால், டிக், டாக் என்ற வேறுபாடும் கிடைக்கிறது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அது இயந்திரத் தட்டலாகத்தான் கேட்கும். அந்தச் சிறு ஏற்ற இறக்கம் வந்தால்தான் அது கடிகாரமாகிறது.

அடுத்தது கார்டுகள். இடக்கைச் சுரங்களை இரண்டாகப் பிரித்து, அடிச்சுரத்தை இரண்டாவது பியானோவுக்கும், நடுச்சுரங்களை ஹார்ப்புக்கும் கொடுத்தேன். ஹார்ப் வாசிப்பவர் இரண்டு சுரங்களை அடுத்தடுத்துத் தட்டியாக வேண்டும். முதற்சுரம் டிக்கின் மீதும் இரண்டாவது அதற்குப் பின்னும் விழுந்தால், பியானோ தாமதமாக வருவதாகவே காது எடுத்துக்கொள்கிறது. முதற்சுரத்தை டிக்கிற்குச் சற்று முன்னே எடுத்து, இரண்டாவது சுரம் டிக்கின் மீது சரியாக இறங்கும்படி அமைத்தபோதுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. குழு வாசிப்பு முறையில் கேட்பவர்களுக்கு எல்லாக் கருவிகளும் ஒத்திசைந்து போய்ச் சேரும் என்றாலும், வாசிப்பவர் மெட்ரோனோமை, அதாவது சீராகத் தாளம் தட்டும் கருவியை, நம்பித்தான் வாசிக்க வேண்டும். ஆகவே இந்த ‘சற்று முன்னே’ என்பதை ஹார்ப் வாசிப்பவர் தன் விரலிலேயே பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் அதைப் பழகிக்கொண்ட விதத்தை நான் எங்கும் பெருமையோடு சொல்வேன்.

விசைப்பலகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 37 சுரங்களையும் கணினி விசைகளுக்கே ஒதுக்கி வாசிப்பவர்கள், அழுத்தும்போது கிளிக் என்று ஒலிக்கும் மெக்கானிக்கல் சுவிட்சுகளை இதுபோன்ற இசைக்குத் தவிர்த்துவிடுவது நல்லது. அந்தக் கிளிக், மெட்ரோனோமோடு மோதித் தாளத்தைக் குழப்புகிறது. தடையில்லாமல் இறங்கும் லீனியர் சுவிட்சுகள் போதும். நான் வாங்கிய பலகையின் விற்பனையாளர், சுவிட்சு வகையைக்கூடக் குறிப்பிடாமல் விற்றது இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. கேட்டு எழுதுவதற்கு ப்ளூ-ரே இசைத்தட்டுதான் என் மூலம். சுருக்கப்பட்ட இணையப் பதிவுகளில் கடிகார ஒலியின் கூர்மை மழுங்கிவிடுவதால், அது பியானோவுக்கு முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்பதை அவற்றை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை.

முதற்பாதி தேறியதும் அமாரோட்டின் மகரென்சஸ் ஆங்கிள் ஈத்தரைட்டின், அதாவது வீரர்கள் வந்திறங்கும் படிகத்தின், அருகே நின்று வாசித்தோம். அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. வேறு வேலையாக வந்திறங்கியவர்களில் சிலர் நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒளிக்கோலை எடுத்து மெல்ல அசைக்கத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிந்தபின் ஒருவர், 2019இல் முதன்முதலாக இந்நகருக்குள் நுழைந்தபோது கதையை நகர்த்தாமல் இந்த இசைக்காகவே வெகுநேரம் நின்றதாக எழுதினார். அவர் எந்த இடத்தில் நின்றார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஓர் இடம் அங்கே உண்டு.

சோக்கன் 2020இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே மருத்துவமனையிலிருந்து இசையமைத்தார் என்பது, 2021 மே மாத ரசிகர் விழாவில் அவரே சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் அந்நாளில் அவர் அமைத்த ‘டு தி எட்ஜ்’ பாடலை நாங்கள் மனப்பாடமாக்கிவிட்டிருந்தோம். அவருடைய இசையை அரைகுறையாக வாசிக்க எனக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிற்பாதியில் நடுச்சுரங்கள் கூடுகின்றன. அங்கே ஐந்தாவதாக ஒருவர் வேண்டும். லூட்டா, இன்னொரு ஹார்ப்பா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. இதற்கிடையே, ஷேடோபிரிங்கர்ஸுக்கு அடுத்த பகுதியான எண்ட்வாக்கரின் ‘க்ளோஸ் இன் தி டிஸ்டன்ஸ்’ என்னை இழுத்துக்கொண்டிருக்கிறது. அது ஒலிக்கும் அல்டிமா தூலே என்ற இடத்தில் கதை நகர நகர, அந்த இசையில் குரல் படிப்படியாகச் சேர்ந்துகொண்டே வரும். அதை இசைக்க, ஓபோவோடு ஒருவர் தொலைவில் தொடங்கி, மற்றவர்கள் ஒவ்வொருவராக நடந்துவந்து சேர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன். நடந்துகொண்டே வாசிக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் எந்தச் சுரத்தில் நின்று கருவியை எடுக்க வேண்டும் என்பதை முதலில் குறித்தாக வேண்டும்.