கண்டென்சர் மாற்றியும் போகாத ‘ம்ம்ம்’

பல வருடம் சும்மா கிடந்த வால்வு ரேடியோவை நேராக மெயினில் செருகக் கூடாது. முன்பு ஒரு செட்டில் அப்படிச் செய்து ட்ரான்ஸ்ஃபார்மரைப் புகைய வைத்தவன் நான். அதனால் இந்த முறை 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில் போட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பிக்கும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. சரி, பெரிய ஷார்ட் எதுவும் இல்லை.

பல்பை எடுத்துவிட்டு முழு வோல்டேஜ் கொடுத்தேன். அரை நிமிடத்தில் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று கனத்த ஹம். வால்யூமை அடியோடு குறைத்தாலும் அசையவில்லை. பழைய செட்டில் இப்படி வந்தால் முதல் சந்தேகம், டிசியைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர் மேல்தான் விழும். உள்ளே எலக்ட்ரோலைட் காய்ந்துவிட்டால் அதற்குச் சார்ஜைப் பிடித்துவைக்கும் திறன் போய்விடும். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் தரும் மேடுபள்ளமான டிசி அப்படியே ஆடியோ வால்வுக்குப் போய் ஹம்மாக வெளியே வரும்.

செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரால் கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்தேன். மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் உள்ளே கை வைப்பதில்லை. அணைத்த பிறகும் 250 வோல்ட் அங்கே காத்திருக்கலாம். சேசிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) மேல் நின்ற அலுமினிய டப்பாவில் 50+50 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் என்று இருந்தது. டப்பாவை அழகுக்கு அப்படியே விட்டு, அதன் வயர்களை மட்டும் கழற்றி, அடியில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கண்டென்சர் இரண்டை வைத்துப் பற்றவைத்தேன். ‘பெரியதாகப் போட்டால் ஹம் இன்னும் குறையுமே’ என்று 220 போடத் தோன்றும். வேண்டாம். ரெக்டிஃபையர் வால்வான இ.இசட்.80-க்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் பாயும் கரண்ட் எகிறி வால்வு சீக்கிரம் செத்துவிடும்.

போட்டுப் பார்த்தேன். ஹம் பாதியாகக் குறைந்தது, ஸ்டேஷனும் கேட்டது. ஆனால் மீதிப் பாதி போகவில்லை. முதல் கண்டென்சரில் சர்க்யூட் படம் சொன்னது 260 வோல்ட். எனக்கு வந்தது 205. ‘வால்வு கிழடாகிவிட்டது’ என்று முடிவு கட்டி, வேறொரு செட்டிலிருந்து இ.இசட்.80 எடுத்து மாட்டினேன். அதே 205. இப்படி ஒரு மாலை முழுக்க வீண்.

மறுநாள்தான் ஹம்மைக் காது கொடுத்துக் கேட்டேன். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பைத் திறந்து, ஹெட்ஃபோனில் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். (ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது, முயல வேண்டாம்.) மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், ஏசியின் இரண்டு அரைச் சுழற்சியையும் பயன்படுத்தும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையரின் ஹம் 100-இல் இருக்க வேண்டும். ரேடியோவின் சுருதி 50-ஓடு ஒட்டிக்கொண்டது. அதாவது இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை.

மீட்டரை ஏசியில் வைத்து, வால்வு சாக்கெட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஏசி வரும் பின்களைத் தொட்டேன். 1-ஆம் பின்னில் 250. 7-ஆம் பின்னில் ஒன்றுமில்லை. பிளக்கைப் பிடுங்கி, மறுபடி டிஸ்சார்ஜ் செய்து ஓம்ஸில் பார்த்தால், அந்த இரு பின்னுக்கும் ஏசி தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றில் ஒரு பாதி 196 ஓம், மறுபாதி ஓப்பன், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு என்று வயிற்றைக் கலக்கியது.

ஆனாலும் மனசு கேட்காமல், சுற்றின் மேல் இருந்த பழுப்பு நாடாவைப் பிளேடு முனையால் மெல்லத் தூக்கினேன். உள்ளிருந்து வரும் முடி போன்ற செம்புக் கம்பி, தடித்த வயரோடு சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து அறுந்திருந்தது. நல்லவேளை, அது வெளிச்சுற்றின் முனை. உள்சுற்றாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அரை அங்குலம் கம்பி மிச்சம் இருந்தது. அதன் எனாமலை மெல்லிய உப்புத்தாளை மடித்து நான்கே இழுப்பில் சுரண்டினேன். கம்பி அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான். ஈயம் பூசி, மெல்லிய வயர் ஒன்றை இணைத்து, இழுபடாதபடி நூலால் கட்டி, மேலே புது நாடா சுற்றினேன். மீட்டர் 218 ஓம் காட்டியது. இரண்டு பாதியும் ஒன்றாக இல்லையே என்று யாரும் பதற வேண்டியதில்லை. வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் அதிகம், ஓமும் அதிகம்.

மறுபடி சீரியஸ் பல்பு, அப்புறம் முழு வோல்டேஜ். 262 வந்தது. கையோடு ஆடியோ வால்வு இ.எல்.84-இன் கிரிட்டையும் (சிக்னல் உள்ளே போகும் முனை) பார்த்தேன். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட் பாசிட்டிவ். டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் அங்கே கடத்த வேண்டிய பேப்பர் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. அதையும் மாற்றினேன், இல்லையென்றால் அந்த வால்வு வேண்டாத கரண்ட் இழுத்து ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொதிக்க வைக்கும்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்து, ட்ரான்ஸ்ஃபார்மரைத் தொட்டேன். கை வைக்கக்கூடிய சூடுதான். ஹம் கேட்க வேண்டுமென்றால் இப்போது ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைக்க வேண்டும். டயல் பல்பு மட்டும் இன்னும் எரியவில்லை.