பேர் எழுதாத மாவுக்கட்டு

கோபி பக்கம் ஒரு எலும்பு டாக்டரிடம் பத்தொன்பது வருசமாக மாவுக்கட்டுப் போடுகிறேன். எங்களுக்கு சீசன் என்றால் ஏப்ரல், மே. முழுப்பரீட்சை லீவு விட்டதும் பொடுசுகளெல்லாம் அம்மிச்சி ஊருக்கு வந்துவிடும். கொய்யா மரம், அரைப்பெடல் சைக்கிள், வாய்க்கால் மதகு. தினம் நாலைந்து குட்டிக் கைகளுக்காவது கட்டு நனைப்பேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டார்கள். மறுநாளிலிருந்து நாடே அடைப்பு. முதல் வாரம் பஞ்சைச் சுருட்டி வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் வண்டியே இல்லை, அடிபட்டு யார் வருவார்கள்? "இந்த வருசம் ஒரு புள்ளைக்கும் கையொடியாதுங்க டாக்டர்" என்றேன். "ஏப்பா, வூட்டுக்குள்ள கட்டில் இல்லியா?" என்றார்.

ரெண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. கட்டிலிலிருந்து பீரோ மேல் தாவின பையன். விட்டத்தில் சேலையில் கட்டிய தூரி அவிழ்ந்து விழுந்த அக்காவும் தங்கச்சியும். கதவிடுக்கில் நசுங்கிய விரல்கள் எத்தனையோ. ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன், ஓடாமல் நின்ற தறி மேல் ஏறிக் குதித்திருக்கிறான். தறி ஓடியிருந்தால் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் கதவு திறந்திருந்ததால் எலும்புக்குச் சம்பந்தமில்லாததும் வந்தது. நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்கையில் போர்வைக்குள்ளேயே சட்டி கவிழ்ந்து, தொடை வெந்துபோன நாலு வயசுப் பாப்பா. தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நொச்சித்தழை நம்மூர் வழக்கம்தான், ஆனால் இங்கிலாந்திலும் இதே கதை. ஆவி பிடித்து வெந்துபோய் வரும் குழந்தைகள் முப்பது மடங்கு கூடிவிட்டதாக பர்மிங்காம் டாக்டர்கள் அந்த வருசம் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருந்ததை டாக்டர் போனில் படித்துக் காட்டினார்.

இதெல்லாம் ஆறிவிட்ட காயங்கள். ஆறாமல் எனக்குள் கிடப்பது ஒரு ஆறு வயசுப் பையனின் இடது முழங்கை. மலையோரத்து ஊர். திண்ணையிலிருந்து கையூன்றி விழுந்திருக்கிறான். அந்த வயசில் முழங்கைக்கு மேலே எலும்பு தகடு மாதிரி இருக்கும், ஊன்றினால் அங்கேதான் போகும். விழுந்த அன்றைக்கே வந்திருந்தால் இழுத்து நேராக்கியிருப்போம். அப்பாவுக்கு வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். அப்பத்தாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயம். உள்ளூரிலேயே முட்டைப் பத்துப் போட்டு மூங்கில் தப்பை கட்டியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தது இருபத்திநாலாம் நாள். எலும்பு கோணலாகவே கூடியிருந்தது.

"கை வந்துருமுங்களா சாமி?" என்று அப்பத்தா என்னைத்தான் கேட்டது. கை மடங்கும், சோறு அள்ளித் தின்பான், ஆனால் வளைவு இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கட்டுக்காரரைத் திட்டச் சிலர் கிளம்புவார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த மாசம் அவர்கள் ஊரில் திறந்திருந்த கதவு அவருடையது ஒன்றுதானே.

இன்னொன்று ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த அந்த ஒன்றரை வருசத்தில் நான் வெட்டியெடுத்த பிள்ளைகளின் கட்டெல்லாம் அநேகமாகப் போட்டபடியே வெள்ளையாக இருந்தன. மஞ்சள் கறை, சாம்பார்க் கறை உண்டு. பேர் இல்லை. எழுத யார் இருந்தார்கள்?

2021 நவம்பர் 1ல் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அந்த மாசமே மூணாவது படிக்கிற ஒருத்தன் மைதானத்தில் ஓடி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வந்தான். நாலு வாரம் கழித்து கட்டு வெட்ட வந்தபோது ஸ்கெட்ச் பேனாவில் பதினோரு பேர், ஒரு பல்லி, யாரோ போட்ட மீசை.

மிஷினை வைக்கப் போனேன். "அண்ணா, பேரு மேல வெட்டீராதீங்க" என்றான். உள்பக்கமாகத் திருப்பி வெட்டினேன்.