ஆறாவது அட்டை

7 ஏப்ரல் 2025, திங்கள்
நோன்புப் பெருநாள் ராயா லீவு முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். பத்து வருடம் முடித்தவர்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கணுமாம். பட்டியல் எடு, அட்டை வாங்கு, டைப் பண்ணு, 25ஆம் தேதி மத்தியானச் சாப்பாட்டோடு கொடுத்துவிடலாம் என்றார் போஸ். பட்டியல் எடுத்தேன். ஆறு பேர். ஆறாவது நான்.

8 ஏப்ரல்
அட்டை, பத்துத் தாள் பாக்கெட். பெட்டி கேஷில் எழுதியாயிற்று.

10 ஏப்ரல், வியாழன்
ஐந்து அடித்தாயிற்று. ஒரு தாள் சிக்கிக் கிழிந்தது. ஆறாவதில்தான் மாட்டிக்கொண்டேன். வாசகமும் நான் எழுதியதுதான்: அர்ப்பணிப்பு, நேர்மை, அயராத உழைப்பு. மற்றவர்களுக்கு எழுதும்போது கை தடுமாறவில்லை. அதற்குக் கீழே என் பேரை நானே அடிக்கும்போது கடையில் எனக்கு நானே மாலை வாங்கிப் போட்டுக்கொள்வது போல இருந்தது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிப் பார்த்தேன். அது அடக்கமாகத் தெரியவில்லை, நடிப்பாகத் தெரிந்தது. பழைய அளவுக்கே மாற்றினேன். அப்புறம் பிரிண்ட் கொடுக்காமல் மூடிவிட்டேன். கையெழுத்துப் போடும்போது எண்ணுவார். ஒன்று குறையுதே என்பார். அப்போது அடித்துக்கொள்ளலாம்.

11 ஏப்ரல்
போனில் பேசிக்கொண்டே ஐந்திலும் கையெழுத்துப் போட்டார். எண்ணவில்லை.

14 ஏப்ரல், திங்கள்
சித்திரைப் புத்தாண்டு. கோலாலம்பூரில் பொது விடுமுறை இல்லை, என் 16 நாள் லீவில் ஒன்று போனது. கோயிலில் நல்ல கூட்டம். வழியில் பார்த்தவரிடமெல்லாம் அப்பா, "மக ஆபீஸ்ல கிராணி" என்றார். அட்மின் எக்சகியூடிவ் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் கிராணியார், அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்களாம். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, கிராணி பேரை விட்டுவிட்டால் அன்றைய கூலி போச்சு. சாப்பிடும்போது கேட்டேன், கிராணி பேரை யார் எழுதுவார்கள் என்று. "அவரு மாசச் சம்பளம்லா. செக்ரோல்ல, கூலிப் பட்டியல்ல, அவரு பேரு ஏன் வருது?" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

15 ஏப்ரல்
ஆட்களின் சேமநிதி இபிஎஃப், காப்புறுதி சொக்சோ இரண்டும் கட்டக் கடைசி நாள். 43 பேர். ஒரு சென் கூட இடிக்கவில்லை. கணக்கு அப்படி நேராக வந்து நிற்கும்போது ஒரு சந்தோஷம் வரும், இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் சொன்னால் சிரிப்பார்கள்.

17 ஏப்ரல்
போஸ் மூன்று தடவை என் மேசைக்கு வந்தார். ஸ்டேப்ளர். ஸ்டேப்ளர். பார்க்கிங் ரசீது.

23 ஏப்ரல், புதன்
செயலாளர் தினம். 1952இல் அமெரிக்காவில் ஆரம்பித்ததாம், 2000இல் பேரையும் மாற்றியிருக்கிறார்கள். போஸ்டர் செய்யத் தேடியபோது படித்தது. ஆர்டர் போட்டவள் நான், பூக்காரப் பையனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான், மூன்று ரோஜாவில் ஒன்று எனக்கு. மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறும்போது நெரிசலில் காம்பு ஒடிந்தது. அப்பா முருகன் படத்துக்கு வைத்துவிட்டார்.

25 ஏப்ரல், வெள்ளி
பட்டியலை வாசித்தது நான்தான். ஐந்து பேர். ஐந்து கைதட்டல். போட்டோவும் நான்தான் எடுத்தேன். வாழையிலைச் சாப்பாடு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. எல்லாம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது டிஸ்பேட்ச் அங்கிள் தன் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "என்னம்மா, நீயும் நானும் ஒரே மாசத்துல சேர்ந்தோம். உன்னுது எங்க?" பிரிண்டர் கெட்டுப்போச்சு அங்கிள் என்றேன். நம்பவில்லை. நாற்காலியை வாங்கி அவரே அடுக்கினார்.

டாய்லெட்டில் கொஞ்சம் அழுதேன். எதற்கென்று கேட்டால் ஒரு அட்டைக்கு என்றா சொல்வது?

28 ஏப்ரல், திங்கள்
எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டார். மே மாதத்திலிருந்து சீனியர், சம்பளம் 4,050 வெள்ளி (ரிங்கிட்). "யூ டிசர்வ் இட்" என்றார். முகம் பார்த்துத்தான் சொன்னார். கண் கலங்கிவிட்டது. கதவருகே போனதும், "லெட்டரை நீயே டைப் பண்ணிடு, கையெழுத்துப் போடுறேன்."

இரவு
இப்போது 3,800. ஓவர்டைம் மணிக்கு 27.40, மாதக் கடைசியில் குறைந்தது 15 மணி நேரம். சேர்த்தால் 4,211. 2023இலிருந்து 4,000 வெள்ளியைத் தாண்டினால் சட்டப்படி ஓவர்டைம் கேட்க முடியாது. எங்கள் ஆபீசில் இதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவளே நான்தான். ஆக, சீனியர் ஆனால் 161 வெள்ளி குறைவு. அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கணக்கையெல்லாம் போடுவது நான்தானே.

29 ஏப்ரல்
அப்பாவிடம் சொன்னேன். "பெரிய கிராணியா?" என்றார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

1 மே
தொழிலாளர் தினம். துணி துவைத்தேன்.

5 மே, திங்கள்
லெட்டர் என்னாச்சு என்று அங்கிள் கேட்டார். அவர் மட்டும்தான் கேட்டார். டிராயரில் அட்டை இன்னும் நாலு இருக்கிறது.

6 மே, செவ்வாய்
என் ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்தேன். நோட்டீஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படியென்றால் சட்டக் கணக்கு, ஐந்து வருடத்துக்கு மேல் எட்டு வாரம். இன்றைக்குக் கொடுத்தால் ஜூலை 1, அதுவும் செவ்வாய்தான். சும்மா எண்ணிப் பார்த்தேன்.