தை வளர்பிறை, பூம்பாறை: 80 மி.மீ. தொலைநோக்கியில் நிலா

பிப்ரவரி 1, 2025, சனி

கொடைக்கானல் மலையில் பூம்பாறை கிராமம். மேற்கே மேகம் இல்லை. மூன்று நாள் பிறை, பக்கத்திலேயே வெள்ளி.

கருவி 80 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத் தூரம், எஃப்/5 (தூரம் விட்டத்தின் ஐந்து மடங்கு) அக்ரோமாட், அதாவது இரண்டு கண்ணாடி சேர்ந்த லென்ஸ். கார்த்திகை போன்ற விண்மீன் கூட்டங்களை அகலமாகப் பார்ப்பதற்கென்றே செய்த கருவி. குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும்: இங்கே 3.6 மி.மீ. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் அது 900 பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். பிறையையும், பூமியில் பட்டு நிலாவின் இருண்ட பகுதிக்குப் போகும் புவியொளியையும் பிடிக்க இது தாராளம்.

கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-ரிங் வளையத்தில் மாட்டியதும் பலருக்கும் வரும் முதல் சிக்கல், ஃபோகசரை (குவியம் திருத்தும் குழாயை) கடைசிவரை வெளியே இழுத்தாலும் படம் தெளிவாகாது. இந்தக் குழாய்கள் ஒளியை 90 டிகிரி மடக்கும் டயகோனல் கண்ணாடி மாட்டிப் பார்ப்பதற்கான நீளத்தில் வெட்டப்பட்டவை. டயகோனலை எடுத்துவிட்டால் அதன் ஒளிப்பாதை குறைகிறது. 50 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்றை இடையில் போட்டால் தீர்ந்தது. டயகோனல் வழியாகவே படம் எடுப்பது வேண்டாம். படம் இடவலம் மாறும், கேமராவின் எடையில் இணைப்பும் தொங்கும்.

பிறையின் வெளிச்சப் பகுதிக்கு ஐஎஸ்ஓ 100-ல் 1/60 நொடி அளவில் தொடங்கலாம். இருண்ட பகுதியில் தெரியும் புவியொளிக்கு ஐஎஸ்ஓ 800-ல் 1 முதல் 2 நொடி வேண்டும். வானம் நொடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. இந்தக் கேமராவில் அது 7 பிக்சலுக்கு மேல். பின்தொடரும் மோட்டார் இல்லாத முக்காலி என்றால் ஐஎஸ்ஓ 3200-ல் அரை நொடிக்கு மேல் போகவேண்டாம். பல படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பதுதான் வழி.

பிப்ரவரி 4, செவ்வாய்

தியோஃபிலஸ், சிரில்லஸ், காத்தரினா பள்ளங்கள் மூன்றும் ஒளி-நிழல் எல்லைக்கு அருகில். ஆனால் இன்றைக்குப் பார்க்கவேண்டியது தெற்கு ஓரம். 98 கி.மீ. அகலமுள்ள மான்சினஸ் பள்ளம் அங்கே சாய்ந்த நீள்வட்டமாகத் தெரிகிறது. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டர் இறங்கியது அதற்குக் கிழக்கே, தெற்கு 69 டிகிரியில். 80 மி.மீ. லென்ஸ் பிரிக்கக்கூடியது 1.45 விகலை, நிலாவில் சுமார் 2.7 கி.மீ. லேண்டர் தெரியாது, இடம் தெரியும். நம் கலம் நிற்கும் மண்ணை நம் மலையிலிருந்தே ஒரு படத்தில் குறித்துக் காட்ட முடிகிறது என்பதற்காகவே இந்த நாளை நழுவவிடக்கூடாது.

ஓரம் முழுக்க ஊதா விளிம்பு. எஃப்/5 அக்ரோமாட் பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய ஓரிடத்தில் குவிக்கும்; நீலமும் ஊதாவும் அகச்சிவப்பும் வேறெங்கோ குவியும். மென்பொருளில் ஊதா நிறத்தைத் துடைப்பவர்கள் உண்டு. நிறம் போகும், மங்கல் போகாது. ஒளி உள்ளே வரும்போதே வடிகட்டவேண்டும். கோள்களுக்கான கேமரா என்றால் முதலில் அகச்சிவப்பு தடுக்கும் ஃபில்டர், அதன்மேல் 8 அல்லது 12-ஆம் எண் மஞ்சள் ஃபில்டர். சாதாரண கேமரா என்றால் அது பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பிலிருந்து பச்சை அலைவரிசையை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கலாம். செலவே இல்லாமல் இவ்வளவு கூர்மை தரும் வேறு வழி கிடையாது.

பிப்ரவரி 6, வியாழன்

வளர்பிறை நவமி. நேர்ச்சுவருக்கான இரவு. நிலாவின் மேகக் கடல் என்ற கருஞ்சமவெளியில் 110 கி.மீ. நீளத்துக்கு ஓடும் இந்தப் பிளவின் உயரம் முந்நூறு மீட்டருக்குள்தான். சூரியன் அங்கே 3 டிகிரி ஏறியிருக்கும்போது 250 மீட்டர் உயரம்கூட கிட்டத்தட்ட 5 கி.மீ. நிழல் விடும். கருவியின் வரம்பான 2.7 கி.மீ.-ஐ அது தாண்டிவிடுவதால் கறுப்புக் கோடாகப் பதிகிறது. நாளைக்கே மங்கிவிடும். தேய்பிறையில் இதே கோடு வெள்ளையாக இருக்கும். சிறிய கருவிக்குப் பெருக்கத்தைவிட நாள் முக்கியம் என்று சொல்வது இதனால்தான். காலண்டரில் திதி பார்த்துக் கிளம்புங்கள்.

இன்றைக்கு வீடியோ. 2.9 மைக்ரான் பிக்சல் கேமராவில் 400 மி.மீ.க்கு ஒரு பிக்சல் 1.5 விகலை, லென்ஸின் பிரிதிறனை எட்ட இது போதாது. குவியத் தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் 0.75 விகலை. அதற்குமேல் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பார்லோ போட்டால் படம் பெரிதாகிறதே தவிர விவரம் கூடுவதில்லை, இருள்தான் கூடுகிறது.

ஃபோகஸுக்கு முதலில் ரோகிணி விண்மீனைப் பார்த்து, லென்ஸின் முன் பாக்தினோவ் முகமூடி; அதன் கீறல்கள் விண்மீனைச் சுற்றி மூன்று ஒளிக்கோடுகள் காட்டும். நடுக்கோடு சரியாக மையத்தில் விழுந்ததும் நிலாவுக்குத் திருப்பி, எல்லையில் ஒரு சிறு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துத் திருத்தவேண்டும். குளிரில் குழாய் சுருங்குவதால் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி. எக்ஸ்போஷர் 5 மில்லிநொடிக்குள் இருக்கட்டும். வெளிச்சம் போதாவிட்டால் கெய்ன் (சென்சாரின் மின் பெருக்கம்) ஏற்றலாம், நேரத்தை நீட்டக்கூடாது. காற்றின் நடுக்கத்தை உறையவைப்பது அந்தக் குறுகிய நேரம்தான். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் 2,000 சட்டங்கள் (ஃப்ரேம்கள்), எஸ்இஆர் வீடியோ கோப்பாக. முழுச் சட்டம், 8 பிட் என்றால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகும். பழைய யுஎஸ்பி 2 கம்பியில் வேகம் விழுந்துவிடும்.

இந்த மாதம் நிலா வெகுதூரம் வடக்கே போகிறது. இருட்டும் நேரத்தில் இங்கே எழுபது டிகிரிக்கு மேல், வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்றுப் படலம் குறைவு என்பது லாபம். நஷ்டம், கேமரா முக்காலியின் காலில் இடிக்கும். ஒரு காலை வடக்கு நோக்கி நிறுத்தி, இரண்டு கால்களுக்கு நடுவே கேமரா இறங்கும்படி வைத்தால் இடிக்காது.

பூண்டு வயலின் மண் வரப்பு நல்ல இடம். தகரக் கூரைக்கும் தார்ச்சாலைக்கும் மேலே பார்க்கக்கூடாது. பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை அவை விடுகின்றன. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் மாதிரிப் பள்ளத்தாக்கு விளிம்பில் காட்சி அழகு, ஆனால் கீழிருந்து ஏறும் காற்றில் நிலாவின் ஓரம் கொதிக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

கோப்பர்னிகஸ் பள்ளத்தில் விடியல். எட்டு மணிக்கு மூடுபனி. லென்ஸ் நீராவி கட்டுவதற்கு முன்னால் தடுக்கவேண்டும், கட்டியபின் துணியால் துடைத்தால் பூச்சு கெடும். 15 செ.மீ. நீளத்துக்கு யோகா பாய் நுரையைச் சுற்றிய மறைப்பு, லென்ஸ் வளையத்துக்குப் பின்னால் 5 வாட் சூடேற்றும் பட்டை. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஐந்து மணி நேரம் தாங்கும்.

பிப்ரவரி 8, சனி

பகலில் அடுக்குதல். ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் தரவரிசை பார்த்து 10 முதல் 15 விழுக்காடு சட்டங்கள் மட்டும். மலையில் நல்ல இரவென்றால் 25 கூட எடுக்கலாம். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் வசதியில் கூர்மையாக்கம். பள்ளங்களைச் சுற்றி இரட்டை விளிம்பு தெரிந்தால் கூர்மை மிஞ்சிவிட்டது, அங்கிருந்து பின்வாங்கவேண்டும். நிலாவைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதென்றால், ஒவ்வொரு துண்டும் அடுத்ததன்மேல் கால் பங்கு ஏறியிருப்பது நல்லது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். நிலா கிட்டத்தட்ட முழுசு, நிழலே இல்லை. பள்ளம் தேடாமல் நிறம் எடுக்கலாம். அட்டையில் 50 மி.மீ. வட்டம் வெட்டி லென்ஸின் முன் வைத்தால் எஃப்/8. ஊதா வெகுவாக அடங்கும். ஐஎஸ்ஓ 100, 1/200 நொடி, ரா கோப்பாக ஐம்பது படங்கள். அடுக்கியபின் நிறச்செறிவைச் சிறு சிறு படிகளாக ஏற்றினால் அமைதிக் கடல் நீலம் பாயும், பக்கத்துச் சாந்தக் கடல் பழுப்பேறும். நீலம் டைட்டானியம் மிகுந்த பசால்ட். அப்பல்லோ 11 கொண்டுவந்த பாறைகளில் உறுதியானது. ஓரத்தில் தெரியும் நீலத்தை மட்டும் நம்பவேண்டாம், அது லென்ஸின் பிழை.

பிப்ரவரி 12, புதன்

மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். குழாயை ஈரத்தோடு மூடாமல் அறையில் திறந்து உலரவிட்டு, காற்றுப் புகாத பெட்டியில் நீல சிலிக்கா ஜெல்லுடன் வைக்கவேண்டும். மணிகள் இளஞ்சிவப்பானால் சின்னத் தீயில் வாணலியில் சூடாக்கலாம். அந்த வாணலி சமையலுக்கு வேண்டாம்.