ஏப்ரல் 15 வரை

மார்ச் 3, 2025

முனைவர் பட்டத்துக்கு இப்போது கையில் இரண்டு இடங்கள். ஒன்று, முதுகலை படிக்கும் இதே நுண்ணுயிரியல் துறையில், இப்போது என் ஆய்வைப் பார்க்கும் இதே சாரிடம். இன்னொன்று அமெரிக்காவில். அமெரிக்காவில் நிறையப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன: உதவித்தொகையோடு இடம் கொடுத்தால், ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே அது செல்லாது. இங்கே மார்ச் 31 கடைசி.

மார்ச் 6

அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தேன். முதல் முறை கண்ணில் பட்டது ‘முழு நிதியுதவி’ மட்டும்தான். இன்றுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. படிப்புக் கட்டணம் தள்ளுபடி, ஆனால் ‘மாணவர் கட்டணம்’ என்று தனியாக ஒன்று உண்டு, அதை நான்தான் கட்ட வேண்டும். உதவித்தொகை வருடத்துக்கு ஒன்பது மாதம். கோடை மூன்று மாதத்துக்கு ‘வாய்ப்பு இருந்தால்’. அந்த ‘வாய்ப்பு இருந்தால்’ என்பதன் கீழே கோடு போட்டு வைத்தேன். அப்புறம் உதவித்தொகைக்கு வரியும் உண்டாம்.

மார்ச் 11

மானம் போயிற்று. அங்கே ஐந்தாம் வருடம் படிக்கும் ஒரு மாணவியோடு வீடியோவில் பேச ஏற்பாடு. இரவு எட்டுக்குச் சரியாக உட்கார்ந்தேன், யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். போன வாரக் கணக்கை வைத்துக்கொண்டு நான் காத்திருக்க, அவர் ஏழுக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ‘லேபில்தான் இருக்கிறேன், இப்போதே கூப்பிடு’ என்றார். தங்கமான மனுஷி.

வேலை செய்துகொண்டே பேசினார். மாதிரிகளை உறைய வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து, கையுறை விரலால் பனியைத் துடைத்தபோது மூடியில் ஒரு பெயர் தெரிந்தது. அவருடைய பெயர் இல்லை. யார் என்று கேட்டேன். “போன வருடம் போய்விட்டார்.” பட்டம் வாங்கியா? “இல்லை.” கீழே இன்னொரு பெட்டி, இன்னொரு பெயர். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில் மட்டும் ஒன்று சொன்னார்: முதல் வருடம் மூன்று லேபில் மாறி மாறி வேலை செய்துவிட்டுத்தான் கைடை, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரை, தேர்ந்தெடுப்பாய், அந்த மூன்றில் இந்த லேப் இருக்கட்டுமா வேண்டாமா என்று நன்றாக யோசி.

மார்ச் 12

இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. சாரை இரண்டு வருடமாகத் தெரியும். கோபம் வந்தால் பேச மாட்டார், மறுநாள் வரைவைத் திருத்திக் கையில் கொடுத்துவிடுவார். இதைவிட என்ன வேண்டும்? அம்மாவுக்குச் சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 24

அங்கே கேட்பதற்காக எழுதி வைத்த கேள்விகள் நோட்டில் அப்படியே இருந்தன: பணம் எதுவரை? கைடு எத்தனை வருடம் இருப்பார்? எத்தனை பேர் பாதியில் போனார்கள்? இவற்றில் ஒன்றைக்கூடச் சாரிடம் கேட்டதில்லை என்பது இன்றுதான் உறைத்தது. தெரிந்த இடம்தானே என்ற அலட்சியம். போய்க் கேட்டேன், குரல் கொஞ்சம் நடுங்கியது.

“2029 ஜூனில் எனக்கு ஓய்வு. நம் துறையில் யாரும் ஐந்து வருடத்துக்குள் முடித்ததில்லை.”

“முன்னாடியே சொல்லலாமே சார்?”

“நீ கேட்பாய் என்று இருந்தேன். நானாகச் சொன்னால் உன்னைப் போகச் சொல்வது மாதிரி இருக்கும். இணை கைடு போடலாம். யார் என்று இன்னும் முடிவாகவில்லை.”

பாதியில் போனவர்கள்? மூன்று பேர், பெயர் சொன்னார். ஒருவர் விஷயத்தில் தவறு தன்னுடையது என்றார்.

மார்ச் 29

தூக்கம் இல்லை. நான் இங்கே இருக்க நினைத்ததே சாருக்காக மட்டும்தான். கடைசி வருடத்தில் அவர் இல்லை, வேறு யார் என்றும் தெரியாது. அங்கேயும் கைடு யார் என்று தெரியாதுதான். ஆனால் மூன்று லேபைப் பார்த்துவிட்டு நானே தேர்ந்தெடுக்கலாம். கோடை மாதங்களுக்குப் பணம் உண்டா என்று அந்தத் துறைக்கு எழுதிக் கேட்டேன். முதல் இரண்டு கோடைக்கு உறுதி என்று எழுத்தில் வந்தது. கேட்டால் கிடைக்கிறது! இத்தனை நாள் கடிதத்தை முறைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மார்ச் 31

காலையிலேயே இங்கே ‘வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டேன். மாலை வரை வைத்திருக்கலாம்தான். காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் இருப்பது தெரியும். இன்னொரு இடத்தின் பட்டியலில் நானும் ஒரு மாதம் தொங்கினேன். அங்கே ‘சரி’ என்றும் எழுதியாயிற்று, ஏப்ரல் 15 வரைக்கும் காத்திருக்காமல்.

சாரிடம் நேரில் சொன்னேன். தலையை ஆட்டினார். வரைவில் ஒரு வரியை அடித்துவிட்டு, “விசா வேலை எப்போது?” என்றார். விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய பிறகு என்றேன்.

“சரிம்மா. போவதற்குள் ஃப்ரீசரில் உன் பெட்டியைச் சரிபார்த்து வை. எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்று அடுத்து வருகிறவனுக்குப் புரிய வேண்டும்.”

மதியம் உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு குழாய். பதினாலு குழாய்களில் எழுத்து அழிந்திருந்தது, எத்தனால் பட்டு.