அப்பாவின்ர திதியும் பாலாவித் தீர்த்தமும்

போன வருசம், 2025, ஆடி அமாவாசை யூலை 24 வியாழக்கிழமை வந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி விடியப்புறமே திதி தொடங்கி நடுச்சாமம் தாண்டித்தான் முடிஞ்சது, அதால எந்த நாளைப் பிடிக்கிறதெண்ட குழப்பம் இல்லை. 2023ல ஆடி முதலாம் நாள் ஒரு அமாவாசை, ஆடி முடியேக்க இன்னொண்டு, அம்மா ஆர் ஆருக்கெல்லாமோ போன் அடிச்சுக் கேட்டவா.

எங்கட பக்கம் தகப்பன் இல்லாதவை ஆடி அமாவாசையும் தாய் இல்லாதவை சித்திரைப் பறுவமும் (பௌர்ணமி) பிடிக்கிறது தெரியும்தானே. சோதிடத்தில சூரியன் பிதிர்காரகன், அதாவது தகப்பனைக் குறிக்கிறவர், சந்திரன் மாதிர்காரகன், தாயைக் குறிக்கிறவர், ரெண்டும் ஒண்டாச் சேருற நாள் அமாவாசை, ஆடியில அது சந்திரன்ர சொந்த வீடான கடக ராசியிலயே நடக்குது, அதுதான் இவ்வளவு விசேசம்.

வவுனியாவில இருந்து காலமை வெளிக்கிட்டு பறயநாலங்குளம், முருங்கன் தாண்டி மன்னாரில இருக்கிற திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போய்ச் சேர எட்டு மணி. பாலாவிக் கரை முழுக்கச் சனம். சுந்தரர் தேவாரத்திலயே வாற தீர்த்தம், போர்த்துக்கீசப் பறங்கியள் கோயிலை இடிச்ச பிறகும் இந்தத் தண்ணி இஞ்சதான் கிடந்தது எண்டு நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். கச்சான் காத்து அடிச்ச அடியில தர்ப்பை பறக்குது, வாழையிலையின்ர நுனியை அம்மா குந்தியிருந்து கையால அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கிறா, எள்ளும் தண்ணியும் விட விட எள்ளு என்ர உள்ளங்கையில ஒட்டிப்போய் விழமாட்டன் எண்டு நிக்குது.

ஐயர் அப்பான்ர பேர், அப்பப்பான்ர பேர், பூட்டன்ர பேர் எல்லாம் கேட்டார், சொன்னன். பிறகு "வருசத் திவசம் எந்தத் திதியில குடுக்கிறியள்" எண்டார். எனக்கு வாய் வரேல்ல. 2009ல கடைசிச் சண்டை நேரம் முல்லைத்தீவு வலைஞர்மடத்துப் பக்கம் பங்கருக்குள்ள இருக்கேக்க அப்பா போனவர், கலண்டர் பாத்த ஆக்கள் ஆர் இருந்தவை, ஓடுறதுதான் தெரியும். பதினாறு வருசமா ஆடி அமாவாசை மட்டும்தான், ஆண்டுத் திவசம் எண்டு ஒண்டு இல்லை, அது அம்மான்ர மனசில எப்பவும் ஒரு குறை.

அப்பதான் அம்மா சொன்னா, "ஐயா, சித்திரை மாசம். அண்டைக்கு நிலவு இல்லை. குழி வெட்டேக்க ஒருத்தற்ற முகமும் தெரியேல்ல, லைட் அடிக்கவும் பயம்."

நான் இதை ஒருநாளும் கேட்டதில்லை. ஐயர் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, "தம்பி, அந்த வருசப் பஞ்சாங்கத்தைப் போனில பாரும்" எண்டார். பாத்தன். 2009 சித்திரை அமாவாசை ஏப்ரல் 24 பகல் தொடங்கி அடுத்த நாள் காலமைதான் முடிஞ்சிருக்கு, அப்ப 24 இரவு முழுக்க அமாவாசை. ஒரு நாள் முன்னப் பின்ன இருக்கலாம்தான். "திதி சரியாத் தெரியாதவைக்கு அமாவாசையிலயே குடுக்கலாம், உங்களுக்கு மாசமும் தெரியுது, சித்திரை அமாவாசையையே திவசமா வையுங்கோ" எண்டார். அம்மா சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா, அழுதவாவோ வேர்வையோ தெரியேல்ல.

பிண்டத்தைத் தண்ணியில விட்டிட்டு முழுகி எழும்பி, கேதீச்சரநாதரையும் கௌரி அம்பாளையும் கும்பிட்டு மோட்ச அர்ச்சனை செய்தம். வீட்ட வர ரெண்டு மணி, அக்கா காத்தோட்டிக்காயும் பொரிச்சு எல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தா, காகத்துக்கு வைச்சிட்டுத்தான் சாப்பிட்டம்.

வாற வழியில வானுக்குள்ளயே அம்மா அடுத்த சித்திரை அமாவாசை எப்ப எண்டு கேட்டா, 2026 ஏப்ரல் 17 வெள்ளிக்கிழமை எண்டு சொன்னன். பிறகு செட்டிகுளம் கடக்கேக்க ஒருக்கா, வீட்டு வாசல்ல ஒருக்கா திரும்பவும் கேட்டா.